ஓடாத படத்தின் மூன்றாவது பாட்டு

கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் தீராத சண்டை. எண்பதுகளோடு தமிழ்ப் பாட்டு முடிந்துவிட்டது என்கிறார் அவர். 'ரோஜா'வுக்கு அப்புறம்தான் பாட்டே கேட்கும்படி ஆனது என்கிறேன் நான். எண்பதுகளின் இசை நிஜமாகவே அவ்வளவு உசத்தியா, இல்லை இளமைக்கால நினைவு அவரை அப்படிப் பேச வைக்கிறதா?"

என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1986 முதல் 1998 வரை தென்மாவட்டங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவன் நான். விருதுநகர் பக்கம் பங்குனிப் பொங்கல், நெல்லைப் பக்கம் கோயில் கொடை, சங்கரன்கோவில் ஆடித்தபசு, நடுநடுவே கல்யாண வரவேற்பு என்று வருடத்தில் பாதி இரவுகள் மேடையில்தான் போயின. ஆக, நீங்கள் சண்டை போடும் இரண்டு பத்தாண்டுகளையும் காசு வாங்கிக்கொண்டு வாசித்திருக்கிறேன். ரசிகருக்குப் பாட்டைக் கேட்டால் போதும். எங்களுக்கு அதைக் கழற்றித் திரும்பப் பூட்டத் தெரிய வேண்டும். கழற்றும்போது கண்ணில் பட்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். 'இவர் இளையராஜா பக்தர்' என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பாதி உண்மைதான்.

'எண்பதுகள்' என்று நாம் பேசுவது காலண்டர் எண்பதுகளே இல்லை. 1976-இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து 1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தது வரையிலான பதினாறு வருடங்களுக்குத்தான் அந்தப் பெயர் வழங்குகிறது. 'செந்தூரப்பூவே'யை எண்பதுகளின் பாட்டு என்று யாராவது சொன்னால் யாரும் திருத்துவதில்லை. அது 1977. 'தளபதி' 1991-இல் வந்தது, அதையும் எண்பதுகளின் கணக்கில்தான் எழுதுவார்கள். அந்தப் பக்கம் 'தொண்ணூறுகள்' என்றால் ரகுமான் மட்டும். 'காதலுக்கு மரியாதை' 1997-இல் இளையராஜா போட்டது என்பது சண்டை மும்முரத்தில் ஒருவருக்கும் நினைவுக்கு வராது. ஆண்டுக்கணக்கைப் பேசுவதுபோல் பேசி, இரண்டு ஆட்களுக்காக அடித்துக்கொள்கிறோம். அந்த இரண்டு ஆட்களில் இளையவர் மூத்தவரின் குழுவில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சண்டை இன்னும் வேடிக்கையாகத் தெரியும்.

இந்தச் சண்டையில் எல்லாரும் செய்யும் ஒரு காரியம், ஆளுக்குப் பத்துப் பாட்டை எடுத்துக் கடை விரிப்பது. உங்கள் அப்பா 'தென்பாண்டிச் சீமையிலே' என்பார், நீங்கள் 'என்னவளே' என்பீர்கள். இதற்கு முடிவே கிடையாது. எந்தக் காலத்திலிருந்தும் பத்து முத்தான பாட்டு எடுத்துவிடலாம். ஐம்பதுகளிலிருந்து எடுக்க முடியாதா? உச்சத்தை வைத்து ஒரு காலத்தை அளந்தால் எல்லாக் காலமும் ஒரே உயரம்தான்.

நான் பார்ப்பது வேறு இடத்தில். ஓடாத படம் ஒன்றை எடுங்கள். நட்சத்திரம் இல்லாத படமாகவோ, இருந்தும் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போன படமாகவோ இருக்கட்டும். அதில் மூன்றாவது பாட்டு எப்படி இருக்கிறது? தயாரிப்பாளரும் பெரிதாக எதிர்பார்க்காத, வானொலியிலும் அடிக்கடி போடாத பாட்டு. எண்பதுகள் ஜெயிப்பது அங்கேதான்.

'நினைவெல்லாம் நித்யா' (1982) என்று ஸ்ரீதர் ஒரு படம் எடுத்தார். கதை என்ன என்று கேட்டால் பார்த்தவர்களே தலையைச் சொறிவார்கள். ஆனால் 'பனிவிழும் மலர்வனம்', 'ரோஜாவைத் தாலாட்டும் தென்றல்', 'நீதானே எந்தன் பொன்வசந்தம்' மூன்றும் அந்த ஒரே படத்தில் இருக்கின்றன. மறு வருடம் அவரே 'ஒரு ஓடை நதியாகிறது' எடுத்தார். படம் போன இடம் தெரியவில்லை. ரீதிகௌளை ராகத்தில் அமைந்த 'தலையைக் குனியும் தாமரையே' இன்றும் பாட்டுப் போட்டிகளில் வருகிறது. 'நிழல்கள்' (1980) வசூலில் விழுந்த படம். 'இது ஒரு பொன்மாலைப் பொழுது'வும் 'பூங்கதவே தாழ் திறவாய்'யும் 'மடை திறந்து'வும் அதில்தான். 'தர்மபத்தினி' (1986) என்ற படத்தின் பெயரைச் சொன்னால் இன்று யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. 'நான் தேடும் செவ்வந்திப் பூவிது' என்று ஆரம்பித்தால் மேடைக்கு முன்னால் இருக்கிற கூட்டமே சேர்ந்து பாடும். இதற்கெல்லாம் சிகரம் 'புத்தம் புது காலை'. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) இசைத்தட்டில் இருந்தது, படத்தில் இல்லை. படமே இல்லாமல் ஒரு பாட்டு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, 2014-இல் 'மேகா' என்ற இன்னொரு படத்தில் போய் உட்கார்ந்தது.

இதை அதிசயம் என்று சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. இளையராஜாவின் நூறாவது படம் 'மூடுபனி', 1980. நானூறாவது 'நாயகன்', 1987. ஐந்நூறாவது 'அஞ்சலி', 1990. அதாவது பத்து வருடத்தில் நானூறு படங்கள், வருடத்துக்கு நாற்பது. படத்துக்கு ஐந்து பாட்டு என்று வைத்தாலும் இரண்டாயிரம் பாட்டு வருகிறது. பின்னணி இசை தனி. இந்த வேகத்தில் இட்லி அவித்தால்கூடப் பாதி வேகாமல் போகும். வேகாததும் நிறைய உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் வெந்தது இவ்வளவு இருக்கிறதே, எப்படி என்பதுதான் கேள்வி.

வேலை நடந்த விதத்தில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மெட்டு முடிவானதும் எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்பதை அவர் காகிதத்தில் நோட்ஸாக எழுதிவிடுவார். அதைப் பிரதி எடுத்து வாத்தியக்காரர்களின் முன்னால் வைப்பார்கள். ஒத்திகை, பதிவு, முடிந்தது. பெரும்பாலும் ஒரே நாளில். பாடகரும் வயலின் வரிசையும் தபேலாவும் டிரம்ஸும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவான காலம் அது. ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து வர வேண்டும். அதனால் தப்பு செய்யாதவர்கள்தான் அந்த அறைக்குள் இருந்தார்கள். வயலினில் வி.எஸ். நரசிம்மன், டிரம்ஸில் புருஷோத்தமன், பேஸ் கிட்டாரில் சசிதரன், கிட்டாரில் சதானந்தம், கீபோர்டில் விஜி மேனுவல், புல்லாங்குழலில் நெப்போலியன் என்கிற அருண்மொழி. எங்கள் குழுவில் இந்தப் பெயர்களைச் சிலர் கிரிக்கெட் அணியைச் சொல்வதுபோல் மூச்சுவிடாமல் சொல்வார்கள். தினமும் ஒன்றாக உட்கார்ந்து வருடக்கணக்கில் வாசித்த கூட்டத்துக்குச் சின்னப் படம் பெரிய படம் என்று கை மாறாது. காகிதத்தில் இருப்பதை வாசிப்பார்கள். எழுதியவருக்கும் கை மாறவில்லை. அதனால்தான் ஓடாத படத்தின் மூன்றாவது பாட்டிலும் இரண்டாவது பிட் அப்படி வந்து நிற்கிறது.

'பிட்' என்றது எங்கள் பாஷை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிற வாத்திய இசை. கேசட்டைப் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு ஒவ்வொரு பிட்டாகப் பிடிப்போம். பாளையங்கோட்டையில் சர்ச் கொயருக்கு வாசித்துப் பழகிய வயலின்காரர் ஒருவர் எங்களிடம் இருந்தார். நோட்ஸ் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பாட்டின் பாடும் பகுதியைப் பிடிக்க அரைமணி நேரம் ஆகும். முதல் பிட்டுக்கும் இரண்டாவது பிட்டுக்கும் இரண்டு நாள் ஆகும். ஏனென்றால் இரண்டும் ஒன்றாக இருக்காது. பழைய பாட்டுகளில் பெரும்பாலும் ஒரே பிட்டையே இரண்டு முறை வாசித்தால் போதும். இங்கே முதல் பிட் குழலில் கிளம்பினால் இரண்டாவது வயலினில் கிளம்பி, வேறு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சரணத்தின் முதல் எழுத்துக்குச் சரியாக வந்து சேரும். பாடகர் தண்ணீர் குடிக்க விட்ட இடைவெளியில் இவ்வளவு காரியம்.

மெட்டு வேறு, இந்த வேலை வேறு என்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் 'மெல்லத் திறந்தது கதவு' (1986) கேளுங்கள். மெட்டுகள் எம்.எஸ். விஸ்வநாதன், வாத்திய அமைப்பு இளையராஜா. 'வா வெண்ணிலா'வையும் 'ஊரு சனம் தூங்கிருச்சு'வையும் முதலில் பாடும் வரியை மட்டும் கவனித்துக் கேளுங்கள், எம்.எஸ்.வி. முழுசாக இருப்பார். அடுத்த முறை குரலை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுவதை மட்டும் கேளுங்கள். எழுபதுகளும் எண்பதுகளும் ஒரே பாட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். எங்கள் மேடையில் மூத்த பாடகர் ஒருவர் இந்தப் படத்தின் பாட்டுகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். எம்.எஸ்.வி. காலத்து ஆள். அவருக்கு வீடு திரும்பியதுபோல் இருந்திருக்கும்.

அப்புறம் 'பூமாலையே'. 'பகல் நிலவு' (1985) படம். இளையராஜாவும் ஜானகியும் ஒரே நேரத்தில் வேறுவேறு வரிகளை, வேறுவேறு மெட்டில் பாடிக்கொண்டே போவார்கள், இரண்டும் முட்டாது. 1978-இலேயே 'சிட்டுக்குருவி'யில் 'என் கண்மணி'யில் இதைச் செய்து பார்த்திருந்தார். எங்கள் குழுவில் 'பூமாலையே'யை மூன்று முறை மேடையேற்றினோம், மூன்று முறையும் ஆண் குரல் தன் வரியை விட்டுவிட்டுப் பெண் குரலின் வரியில் போய் ஏறிக்கொண்டது. நான்காவது முறை யாரும் துணியவில்லை. அந்தப் பாட்டைக் கேட்கும் சாதாரண ரசிகருக்கு இதில் ஏதோ சிரமம் இருப்பதாகவே தோன்றாது. இனிப்பான காதல் பாட்டு, அவ்வளவுதான்.

ராகங்கள் விஷயமும் அப்படித்தான். 'தூங்காத விழிகள் ரெண்டு' அமிர்தவர்ஷினி என்று தெரியாமலே ஒரு தலைமுறை அதை முணுமுணுத்தது. 'சிந்து பைரவி'யில் 'கலைவாணியே' முழுப் பாட்டும் கல்யாணியின் ஆரோகணத்தில், அதாவது ஏறும் வரிசையில் மட்டுமே போகிறது, ஒரு இடத்திலும் கீழே இறங்கும் வரிசை கிடையாது. அதே படத்தில் காம்போதியில் உள்ள தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யைச் சாரமதிக்கு மாற்றி, 'பாடறியேன் படிப்பறியேன்' என்ற நாட்டுப்புற மெட்டு அதில் போய்க் கலக்கும்படி செய்தார். இசைக்கும் அதைப் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. சபா வட்டாரத்தில் சிலருக்கு அந்த ராக மாற்றம் ரசிக்கவில்லை என்று கேள்வி. டீக்கடையில் எல்லாருக்கும் ரசித்தது.

சரி, இவ்வளவு சொன்ன வாயால் அடுத்ததையும் சொல்கிறேன். உங்கள் அப்பாவிடம் காட்ட வேண்டிய பகுதி இது.

எண்பதுகள் என்றால் இளையராஜா மட்டும் என்று பேசுவது எண்பதுகளுக்கே செய்கிற அநியாயம். 1980-இல் ஊரையே ஆட்டிவைத்த 'ஒருதலை ராகம்' டி. ராஜேந்தர் போட்ட மெட்டுகள். அந்தப் படத்தில் டி.எம்.எஸ்., எஸ்.பி.பி., ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன் என்று நான்கு தரப்புக் குரல்களும் தங்கள் தங்கள் பாட்டில் ஜொலிக்கும். அதே வருடம் 'வறுமையின் நிறம் சிவப்பு'க்கு எம்.எஸ்.வி. போட்ட 'சிப்பி இருக்குது' மாதிரி, பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பதையே பாட்டாக்கிய இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை. 'வாழ்வே மாயம்' கங்கை அமரன். 'வேதம் புதிது' தேவேந்திரன். 'கண்ணுக்குள் நூறு நிலவா'வை இளையராஜா பாட்டு என்று அடித்துச் சொல்லிப் பந்தயத்தில் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஊமை விழிகள்' மனோஜ்-கியான், ஆபாவாணனோடு சேர்ந்து. 'தோல்வி நிலையென நினைத்தால்' இல்லாமல் அன்றைய கல்லூரி ஆண்டுவிழா நடக்காது. மேலே சொன்ன வி.எஸ். நரசிம்மன் இருக்கிறாரே, 'அச்சமில்லை அச்சமில்லை'யில் 'ஆவாரம்பூவு ஆறேழு நாளா' அவர் இசை. இவர்களில் பலருக்கு அடுத்தடுத்துப் படங்கள் கிடைக்கவில்லை. ஒரே ஆள் வருடத்துக்கு நாற்பது படம் செய்தால் மற்றவர்களுக்கு எங்கே இடம்? ஒரு பெரிய ஆலமரத்தின் நிழலை மட்டும் பாடிக்கொண்டிருக்கிறோம், அதன் கீழே என்ன முளைக்காமல் போனது என்று கணக்கெடுத்ததில்லை.

அடுத்தது வரிகள். கண்ணதாசன் 1981-இல் போய்விட்டார். 'கண்ணே கலைமானே'தான் அவர் கடைசியாக எழுதிய பாட்டு. வைரமுத்துவும் இளையராஜாவும் 'நிழல்க'ளில் சேர்ந்து 'புன்னகை மன்னன்' (1986) வரை வந்து பிரிந்தார்கள். அதற்குப் பிறகும் வாலியும் கங்கை அமரனும் புலமைப்பித்தனும் நல்ல பாட்டுகள் எழுதினார்கள்தான். ஆனால் மொத்தமாகப் பார்த்தால், மெட்டுக்குள் சொல்லை இட்டு நிரப்பிய பாட்டுகள் ஏராளம். பூ, தேன், மான், மாமன், மச்சான் என்று ஒரு இருபது சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தையே ஓட்டிவிடலாம். இரட்டை அர்த்தப் பாட்டுகளைக் குடும்பக் கச்சேரியில் பாடச் சொல்லிச் சீட்டு வரும்போது எங்கள் பாடகிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் மறக்கவில்லை. பொற்காலம் என்று பேசுகிறவர்கள் அந்தப் பாட்டுகளைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

இன்னொன்று, வார்ப்பு. வருடத்துக்கு நாற்பது படம் என்றால் சிலது அச்சில் வார்த்த மாதிரிதான் வரும். எங்கள் தபேலாக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற நடை ஒன்று உண்டு, ஒரு கச்சேரியில் ஏழெட்டுப் பாட்டுக்கு அது போதும். இரண்டாயிரம் பாட்டில் என் கணக்குப்படி மூன்றில் ஒன்று நிற்கும், ஒன்று பரவாயில்லை, ஒன்று வேண்டாம். காலம் அந்த மூன்றாவதை வடிகட்டிவிட்டது. இன்று நீங்கள் வடிகட்டாத புதுப் பாட்டையும் அப்பா வடிகட்டிய பழைய பாட்டையும் பக்கத்தில் வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? ஆனாலும் மூன்றில் ஒன்று என்பது சாதாரண விளைச்சல் இல்லை.

நினைவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, இல்லாமல் எப்படி? பாட்டு கைக்குக் கிடைத்த விதமே அப்படி. எங்கள் பக்கத்தில் முதலில் இலங்கை வானொலி. பிறகு மொட்டைமாடியில் உயரக் கம்பம் நட்டு இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' என்பதெல்லாம் சென்னைக்காரர்கள் சொல்லித்தான் கேட்டோம், கொடைக்கானல் ஒளிபரப்பு வரும்வரை. பாட்டு வேண்டுமென்றால் ரெக்கார்டிங் கடை. ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டா பதிமூன்றா என்று கடைக்காரரிடம் பேரம் பேசி, நாலு நாள் கழித்துப் போனால் "நாளைக்கு வாங்க தம்பி" என்பார். அந்தப் பன்னிரண்டு பாட்டைத் தேய்ந்து போகும்வரை கேட்போம். பிடிக்காத பாட்டும் பிடித்துப்போகும், தாண்டிப் போக வழியில்லை. உங்கள் அப்பா ஒரு பாட்டைக் கேட்கும்போது அந்த நாலு நாள் காத்திருப்பும் சேர்ந்தே ஒலிக்கிறது. அதை எந்த வாதத்தாலும் நீங்கள் ஜெயிக்க முடியாது. ஜெயிக்க முயற்சியும் செய்யாதீர்கள்.

ஆனால் நினைவு மட்டும்தான் என்றால் ஒன்று இடிக்கிறது. அன்று எங்களிடம் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர். அதில் பேஸ் கிட்டார் என்பது ஏதோ 'தொம் தொம்' என்று அடியில் கேட்கும், அவ்வளவுதான். 'இளைய நிலா'விலும் 'பனிவிழும் மலர்வன'த்திலும் பேஸ் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகிறது என்பது, ஐம்பது வயதுக்கு மேல் என் மகன் வாங்கித் தந்த ஹெட்போனில்தான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. கிட்டார்காரன் நான், மேடையில் இருந்த அத்தனை வருடமும் அரைகுறையாக வாசித்திருக்கிறேன். இளமையில் காதிலேயே விழாத ஒன்றுக்கு இன்று சிலிர்க்கிறது என்றால் அதை நினைவேக்கத்தின் கணக்கில் எழுத முடியாது.

இப்போது உங்கள் பக்கம். 1992, 93-இல் என்ன நடந்தது என்பதை மேடையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். 'ரோஜா' கேசட் வந்தபோது வழக்கம்போல் உட்கார்ந்து பிடித்தோம். மெட்டு பிடிபட்டது, நோட்ஸ் பிடிபட்டது, வாசித்தால் அது அந்தப் பாட்டாக இல்லை. அதுவரை ஒரு பாட்டு என்றால் அதன் நோட்ஸ்தான் பாட்டு. சுமாரான கிட்டாரிலும் 'இளைய நிலா', 'இளைய நிலா'தான். இது அப்படியில்லை. அந்தச் சத்தமே பாட்டின் பாதி. மறு வருடம் 'ஜென்டில்மேன்' வந்து, கூட்டம் 'சிக்கு புக்கு ரயிலே' கேட்டு நாற்காலியைத் தட்டியது. எங்கள் டிரம்ஸ்காரர் உயிரைக் கொடுத்து அடித்தார், கூட்டம் முன்வரிசையிலிருந்தே கலைந்தது. அந்தப் பொங்கலுக்குள் வட்டிக்கு வாங்கி ஒரு எலக்ட்ரானிக் டிரம் பேட் வாங்கினோம்.

ரகுமான் வேலை செய்த விதம் தலைகீழ். 1989-இல் வீட்டோடு கட்டிய பஞ்சதன் ஸ்டுடியோவில், பெரும்பாலும் இரவில், ஒவ்வொரு வாத்தியக்காரராகத் தனியாக வரவழைத்து வாசிக்கவைத்து, அடுக்கடுக்காகச் சேர்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டாததை எடுத்துவிட்டு. ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. படங்களும் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் அவரிடம் 'மூன்றாவது பாட்டு' என்ற பேச்சே இல்லை. 'திருடா திருடா'வில் 'ராசாத்தி என் உசுரு' என்று வாத்தியமே இல்லாத மாதிரி, குரல்களை மட்டும் வைத்து ஒரு பாட்டு. எண்பதுகளில் ஒரு தயாரிப்பாளரிடம் போய் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் "ஆர்க்கெஸ்ட்ரா காசு மிச்சமா?" என்று கேட்டிருப்பார். குரல்களும் மாறின. சாகுல் ஹமீது, சுரேஷ் பீட்டர்ஸ், மின்மினி, ஹரிஹரன், உன்னிகிருஷ்ணன். ஏற்கனவே இருந்த ஸ்வர்ணலதாவுக்குப் 'போறாளே பொன்னுத்தாயி' வந்தது, தேசிய விருதும் வந்தது. பாட்டின் சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. வைரமுத்துவுக்கு அவருடைய இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது.

நீங்கள் 'ரோஜா'வுக்கு அப்புறம்தான் பாட்டு கேட்கும்படி ஆனது என்கிறீர்களே, அதில் 'கேட்கும்படி' என்ற சொல்லை ஒலிப்பதிவுத் தரம் என்று எடுத்துக்கொண்டால் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எண்பதுகளின் பல நல்ல பாட்டுகள் கரகரத்த நகல்களாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. இசையைச் சொல்கிறீர்கள் என்றால் ஒரு கேள்வி: தொண்ணூறுகளில் ஓடாத ஒரு படத்தின் மூன்றாவது பாட்டைச் சொல்லுங்கள். ரகுமான் வேண்டாம். 'கர்ணா'வில் வித்யாசாகரின் 'மலரே மௌனமா' என்பீர்கள். சரி, அருமையான பாட்டு, ஆனால் அது ஊரெல்லாம் தெரிந்தது. அடுத்து? கார்த்திக் ராஜாவின் 'உல்லாசம்' என்பீர்கள், கொடுத்துவிடுகிறேன். தேவாவிடமும் சிற்பியிடமும் ஆளுக்கு இரண்டு மூன்று தேறும். அதற்குப் பிறகு கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும். உங்கள் அப்பா யோசிக்காமல் முப்பது சொல்வார். உச்சியில் இரண்டு காலமும் தோளுக்குத் தோள் நிற்கின்றன. நடு உயரம்தான் வித்தியாசம். அந்த நடு உயரத்தைத் தாங்கி நின்றது தினமும் காலையில் ஒரு அறையில் கூடிய நாற்பது ஐம்பது வாத்தியக்காரர்கள். அந்த அறை காலியானதும் நடு உயரம் இறங்கியது.

எங்கள் குழுவிலும் அது தெரிந்தது. 1987-இல் ஒரு வேனில் பதினாலு பேர் நெருக்கியடித்துப் போவோம். 1996-இல் அதே வேனில் ஆறு பேர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனோம். வயலின், இரண்டாவது தபேலா, டிரம்பெட் எல்லாம் கீபோர்டுக்குள் போயாகிவிட்டது. பாளையங்கோட்டைக்காரர் சர்ச்சுக்கே திரும்பிப் போனார். புல்லாங்குழல்காரர் மட்டும் சம்பளம் குறைத்தும் கூடவே வந்தார். ரகுமான் பெயரைச் சொன்னாலே அவருக்கு எரியும். "மிஷின் வந்து என் சோத்துல கைய வச்சுருச்சு" என்று வேனில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரே பாட்டு.

அந்த வருடம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கொடை. இரவு இரண்டு மணி இருக்கும். பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வில்லுப்பாட்டுக்காரர்கள் வந்து சேரவில்லை. நாங்கள் எதையாவது வாசித்து நேரத்தை ஓட்ட வேண்டும். யாரிடமும் கேட்காமல் புல்லாங்குழல்காரர் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு 'பம்பாய்' படத்தின் தீம் இசையை ஆரம்பித்தார். கேசட்டில் அதை வாசித்தவர் நவீன் குமார். எங்கள் ஆள் எப்போது உட்கார்ந்து அதைப் பிடித்தார் என்று யாருக்கும் தெரியாது. கீபோர்டுக்காரர் ஒரு கார்டு (chord) மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார், நான் கிட்டாரைத் தொடவே இல்லை. பந்தலில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் அவரைச் சீண்டினேன். "என்னண்ணே, மிஷின் பாட்டை வாசிச்சீங்க போல?"

"அது மிஷின் பாட்டு இல்லடே, குழல் பாட்டு" என்றார். பன்னை டீயில் முக்கிக்கொண்டே, வேனில் ஏறியதும் மறுபடி ரகுமானைத் திட்ட ஆரம்பித்தார்.